மறுவேலைக்கு ஒரு பழைய 1911: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய 1911 பிஸ்டல் ஒன்றை வாங்கி, அதைத் தம் கைக்கேற்ற இலக்குத் துப்பாக்கியாக மாற்றிக்கொள்ள விரும்பும் நண்பர்கள், எந்த நிறுவனத்தின் துப்பாக்கியை வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வேலை முடிந்த பிறகு அந்தப் பழைய துப்பாக்கியிலிருந்து என்ன மிஞ்சும் என்று நான் அவர்களைத் திருப்பிக் கேட்பது வழக்கம். பேரல் (குழல்), அதன் முனையைத் தாங்கும் புஷிங், டிரிகர் (விசை), ஹேமர் (சுத்தி), அதைப் பிடித்து நிறுத்தும் சியர், குறிபார்க்கும் சைட்டுகள், ஸ்பிரிங்குகள், பிடியை இறுகப் பிடித்தால் மட்டும் சுட விடும் கிரிப் சேஃப்டி, பிடித் தகடுகள் என ஏறக்குறைய எல்லாமே கழன்று பெட்டிக்குள் போய்விடும். பிடியோடு சேர்ந்த அடிச்சட்டமான பிரேமும், அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடும் மட்டுமே நிலைத்து நிற்கும். ஆகவே நாம் பணம் கொடுப்பது அந்த இரண்டு எஃகுத் துண்டுகளுக்கு. அவற்றின் மீது இதுவரை யாரும் அரம் வைக்காமல் இருந்தால், அதுவே அவற்றின் பெரிய தகுதி.

தொடக்கூடாதவை எவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்தப் பிஸ்டலை அமெரிக்க இராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டது. 1985இல் பெரெட்டா எம்9 தேர்வாகும்வரை அதுவே படையின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின் தேவையைக் கோல்ட் நிறுவனத்தால் மட்டும் நிறைவு செய்ய முடியாததால், தட்டச்சுப் பொறி செய்த ரெமிங்டன் ராண்டும், ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னலும், வேட்டைத் துப்பாக்கி செய்த இதாக்காவும் இதைத் தயாரித்தன. தையல் இயந்திரம் செய்த சிங்கர் நிறுவனம் 500 மட்டுமே செய்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இவை மலிவாகக் கிடைத்ததால் கன்ஸ்மித்துகள் (துப்பாக்கிகளைப் பழுதுபார்த்து மாற்றியமைப்பவர்கள்) தயங்காமல் வெட்டினார்கள். ஒஹாயோவின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்காக இராணுவப் பட்டறைகளே இவற்றைத் திருத்தி அமைத்தன. அன்று அது நியாயமாக இருந்தது. இன்று, அசல் பூச்சும் முத்திரைகளும் கெடாமல் இருக்கும் ஓர் இராணுவப் பிஸ்டலை மில்லிங் இயந்திரத்தில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியாது. தொழில்நுட்பக் காரணமும் உண்டு: முதல் உலகப் போர்க் கால ஸ்லைடுகள் இன்றைய முறையில் கடினப்படுத்தப்படாதவை, இரண்டாம் போரின் ஸ்லைடுகளிலும் சில பகுதிகள் மட்டுமே கடினப்படுத்தப்பட்டன. ஆயிரக்கணக்கில் சுடப்போகும் துப்பாக்கிக்கு அந்த எஃகு ஏற்றதல்ல.

வேலைக்கு உகந்தவை பிற்காலத்து வணிகத் துப்பாக்கிகளே. 1970இல் வந்த கோல்ட் சீரிஸ் 70, 1983இல் வந்த சீரிஸ் 80, ஸ்பிரிங்ஃபீல்டு நிறுவனத்தின் மில்-ஸ்பெக், 1994இல் இறக்குமதி தடைபடும்வரை சீனாவிலிருந்து வந்த நோரின்கோ ஆகியவை பழைய துப்பாக்கிச் சந்தையில் அடிக்கடி கண்ணில் படும். நோரின்கோவின் எஃகு கடினமானது என்று அதில் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். தொடக்ககாலச் சீரிஸ் 70இல் விரல்கள் போலப் பிளந்த புஷிங் ஒன்று உண்டு. அந்த விரல்கள் உடையக்கூடியவை, ஆனால் திடமான புஷிங்கை மாற்றிப் பொருத்தினால் தீர்ந்தது. சீரிஸ் 80இல் தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னைத் தடுக்கும் பூட்டு இருப்பதால் டிரிகர் நன்றாக அமையாது என்று பலர் ஒதுக்குகிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. திறமையான கன்ஸ்மித் அந்தப் பூட்டை வைத்துக்கொண்டே தூய்மையான டிரிகர் அமைத்துத் தருவார், அதைக் கழற்றி எறியவும் கூடாது. கிம்பர் சீரிஸ் 2 வகையில் அந்தப் பூட்டைக் கிரிப் சேஃப்டி இயக்குகிறது. அங்கே கிரிப் சேஃப்டியை மாற்றினால் பூட்டு உரிய நேரத்தில் விலகுகிறதா என்று மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் தோட்டாக்களை அடுக்கும் மேகசீனைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சுடும் தோட்டா உட்காரும் சேம்பர் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகு, பிரித்துப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால் நான் அந்தப் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்வேன்.

பிரேமில் முதலில் நான் பார்ப்பது, கிரிப் சேஃப்டி உட்காரும் பின்புற வால் பகுதி. கண்காட்சி ஒன்றில் வெளித்தோற்றத்தில் மிக அழகான ஒரு கோல்ட்டைப் பார்த்தேன். நீண்ட வால் கொண்ட கிரிப் சேஃப்டியைப் பொருத்துவதற்காக முன்பு யாரோ அந்தப் பகுதியைக் கையாலேயே தேய்த்திருந்தார்கள். இடப்பக்கம் வளைவு ஒழுங்காக இருக்க, வலப்பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. போன எஃகை வெல்டிங் வைத்துத்தான் மீட்க வேண்டும், அந்தச் செலவு துப்பாக்கியின் விலையை நெருங்கிவிடும்.

அடுத்தது தோட்டா ஏறிச்செல்லும் சரிவு. பிரேமில் உள்ள அந்தச் சரிவு 31.5 பாகைக் கோணத்தில் இருக்க வேண்டும். அதன் மேல் விளிம்புக்கும் பேரலின் சரிவுக்கும் இடையே அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு படி இருக்க வேண்டும். கண்ணாடி போல மெருகேற்றினால் தோட்டா நன்றாக ஏறும் என்று நம்பி, வீட்டிலேயே சிறு அரைப்பு இயந்திரத்தால் அந்த விளிம்பை உருட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பிரேமை வெட்டி, சரிவும் சேர்ந்தே அமைந்த வேறு பேரலைப் பொருத்துவதே பெரும்பாலும் மிஞ்சும் வழி. பளபளக்கும் சரிவைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே மேலோங்கும்.

விரிசல்களையும் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். ஸ்லைடைப் பின்னே நிறுத்தி வைக்கும் ஸ்லைடு ஸ்டாப்புக்கான வெட்டுக்கு மேலே, ஸ்லைடு ஓடும் ரெயிலில் ஒரு மெல்லிய பாலம் இருக்கும். அங்கே விரிசல் விழுவது பழைய பிரேம்களில் சாதாரணம், அந்தத் துண்டையே எடுத்துவிடலாம். கோல்ட் நிறுவனமே பின்னாளில் அந்தப் பாலம் இல்லாமல் பிரேம் செய்தது. வேறு இடத்தில் விரிசல் கண்டால் வாங்கக் கூடாது. பிடித் தகடுகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். வியர்வை தேங்கி வந்த துரு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஸ்லைடை விளக்கின் கீழே தலைகீழாகப் பிடித்து, பேரலை ஸ்லைடோடு பிணைக்கும் பூட்டுப் பற்கள் உட்காரும் பள்ளங்களைப் பார்க்க வேண்டும். விளிம்புகள் கூர்மையாக இருக்க வேண்டும். நசுங்கி உருண்டிருந்தால், பேரல் உரிய நேரத்தில் பூட்டவும் விடுபடவும் இல்லை என்று பொருள். பேரலை மாற்றலாம், அந்தப் பள்ளங்களை மாற்ற முடியாது. வெளியே எழுத்துகள் மங்கி, தட்டையான பக்கங்கள் அலையலையாகத் தெரிந்தால், துருவை மறைக்க யாரோ மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள்.

ஸ்லைடு ஆடுகிறதா என்று குலுக்கிப் பார்த்து விலை பேசுபவர்கள் அதற்கு அளவுக்கு மீறிய மதிப்பைத் தருகிறார்கள் என்பது என் கருத்து. சைட்டுகள் ஸ்லைடின் மேல் இருப்பதால், ஒவ்வொரு முறையும் பேரல் ஸ்லைடுக்குள் ஒரே இடத்தில் வந்து உட்காருவதே குறி தவறாமல் சுடுவதற்கு முக்கியம். அதை முன்னே புஷிங்கும் பின்னே பூட்டுப் பற்களும் தீர்மானிக்கின்றன. ரெயிலின் ஆட்டம் அதற்கு அடுத்ததுதான், அதைத் திருத்தவும் வழி உண்டு.

டிரிகர் அளவுக்கு மீறி இலகுவாக இருந்தால் சியரை யாரோ தேய்த்திருக்கிறார்கள். காலித் துப்பாக்கியில் ஹேமரை ஏற்றி, கட்டைவிரல் சேஃப்டியைப் போட்டு, டிரிகரை அழுத்தி விட்டுவிட்டுச் சேஃப்டியை எடுக்கும்போது ஹேமர் அசையவே கூடாது. ஹேமரும் சியரும் மாறப்போகிறவைதானே என்று விலையில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விடலாம். ஆனால் மாற்றும்வரை அந்தத் துப்பாக்கியில் தோட்டா ஏற்றக் கூடாது. புதிய சியர் வேலையும் அனுபவமுள்ள கன்ஸ்மித்தின் கையில்தான் நடக்க வேண்டும்.

தொடர் எண் அழிக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருக்கும் துப்பாக்கியை வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் என்பதால், எல்லாவற்றுக்கும் முன்பே அந்த எண்ணைப் பார்த்துவிட வேண்டும். வேறு மாநிலத்தில் உள்ள தனிநபரிடமிருந்து கைத்துப்பாக்கி வாங்கினால், அது நம் மாநிலத்தில் உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாக, துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் முடிந்துதான் நம் கைக்கு வர வேண்டும். உள்ளூர்க்காரரிடம் வாங்கும்போதும் நான் அந்த வழியையே விரும்புகிறேன்.

பணம் கொடுக்கும் முன், வேலை செய்யப்போகிற கன்ஸ்மித்திடம் பேசிவிடுவது நல்லது. அவர்களில் பலர் சில நிறுவனங்களின் பிரேம்களைத் தொடுவதே இல்லை. வாங்கிய பிறகு, சோதனைகளில் தேறிய துப்பாக்கியாக இருந்தால், அப்படியே பிரிக்கக் கொடுக்காமல் சில பெட்டித் தோட்டாக்களைச் சுட்டு, எந்த மேகசீனில் எந்தத் தோட்டா சிக்கியது, காலிக் கூடுகள் எந்தப் பக்கம் விழுந்தன, இலக்குத் தாளில் குண்டுத் துளைகள் எங்கே கூடின என்பதை எழுதி வைக்க வேண்டும். அந்தக் குறிப்பையும் இலக்குத் தாள்களையும் துப்பாக்கியோடு சேர்த்துக் கொடுத்தால், வேலையை எங்கே தொடங்குவது என்று கன்ஸ்மித் தேட வேண்டியிருக்காது.