அப்பா டிக் செய்யாமல் விட்ட பெட்டி

2022 தீபாவளிக்குக் கும்பகோணம் போயிருந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டு, “உன் மெயில் ஐடியையும் போன் நம்பரையும் ஒரு தடவை சரியாச் சொல்லும்மா, எழுதிக்கிறேன்” என்றார். கூட்டுறவு வங்கியில் 31 வருடம் வேலை பார்த்தவர். நாமினி பெயர் இல்லாத பாஸ்புக்கைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது. கூகுள் கணக்குக்கும் நாமினி மாதிரி ஒருவரைப் போடலாம் என்று எங்கோ படித்துவிட்டு, தானே உட்கார்ந்து போட்டுவிட்டார்.

அந்த வசதியின் பெயர் இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர். 2013-லிருந்தே இருக்கிறது. கணக்கு 3, 6, 12, 18 என்று எத்தனை மாதம் அசையாமல் கிடந்தால் மற்றவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், யாருக்கெல்லாம் தெரிவிக்க வேண்டும் (10 பேர் வரை), அவர்களுக்கு எதையெல்லாம் கொடுக்கலாம், கடைசியில் கணக்கை அழித்துவிடலாமா என்பதையெல்லாம் உரியவரே முன்கூட்டிக் குறித்துவைக்கலாம். “3 மாசம் போட்டிருக்கேன்” என்று மட்டும் அப்பா சொன்னார். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

2024 ஜூனில் அப்பா இறந்துவிட்டார். கணக்குப்படி செப்டம்பரில் எனக்கு மெயில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தீபாவளியும் போய்விட்டது. 2 வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் 2023-ல் விதி கொண்டுவந்தது தெரியும். அப்பா பத்து வருடமாக எடுத்த படங்கள் அதோடு போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது.

காரணம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் புரிந்தது. அப்பாவின் போன் பூஜை அறை வாசலில் சார்ஜில் கிடந்தது. அம்மா தினமும் காலையில் அதில்தான் பக்திப் பாட்டுக் கேட்கிறார். கணக்கு பயன்பாட்டில் இருக்கிறதா என்று கூகுள் பார்ப்பது லாகினை மட்டும் அல்ல. ஜிமெயில் பயன்பாடு, மற்ற நடவடிக்கைகள் எல்லாம் சேர்த்திதான். ஆண்ட்ராய்டு போன் தானாகவே சர்வரோடு தொடர்புகொள்வதுகூட அதில் சேரும். அம்மா பாட்டுக் கேட்ட ஒவ்வொரு நாளும், கூகுளைப் பொறுத்தவரை அப்பா இருந்தார்.

அன்றே அம்மாவுக்குப் புதுக் கணக்குத் தொடங்கினேன். பால்காரர், கேஸ் ஏஜென்சி, சொந்தக்காரர்கள் எண்களை முதலில் தனியாக எடுத்துவைத்தேன். போனிலிருந்து கணக்கை எடுத்துவிட்டால் அதில் சேமித்த எண்களும் போனிலிருந்து போய்விடும், இதை மறக்காதீர்கள். காப்பீட்டு ரசீது ஒன்று தேவைப்பட்டதால் ஜிமெயிலைத் திறந்து, தேடி, எடுத்துக்கொண்டு மூடினேன். பிறகு செட்டிங்ஸில் போய் அப்பாவின் கணக்கை அந்தப் போனிலிருந்து மட்டும் எடுத்தேன். இனி அது அசையாமல் கிடக்கும். சிம்மை மட்டும் விடாமல் ரீசார்ஜ் செய்யச் சொன்னேன். கைவிட்ட எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறு யாருக்காவது போய்விடலாம். அப்பாவின் எண்ணுக்கு வருகிற குறுஞ்செய்தி இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது.

மார்ச் நடுவில் அம்மா போன் செய்தார். “அப்பாவுக்கு கூகுள்லேருந்து ஏதோ மெசேஜ் வந்திருக்குடி.” கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது கணக்கின் உரிமையாளருக்கே எச்சரிக்கை அனுப்புவார்கள். “ஒண்ணும் செய்ய வேண்டாம்மா, அப்படியே விடு” என்றேன். சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஏப்ரல் மூன்றாம் வாரம் மெயில் வந்தது. கணக்கைப் பயன்படுத்துவது நின்றபின் இதை உங்களுக்கு அனுப்பும்படி அவர் கேட்டிருந்தார் என்று ஒரு குறிப்பு. அப்பா எழுதிய இரண்டே வரி: “போட்டோ எல்லாம் உனக்கு. அம்மாவுக்கும் காட்டு.” என் எண்ணுக்கு வந்த குறியீட்டைக் கொடுத்ததும் பட்டியல் திறந்தது. போட்டோஸ், டிரைவ், கான்டாக்ட்ஸ். அவ்வளவுதான். ஜிமெயில் இல்லை. தேடல் வரலாறு இல்லை, போன இடங்களின் பதிவும் இல்லை.

தரவிறக்கம் எளிது. ஒன்று மட்டும் கவனியுங்கள். படங்களோடு ஜேசான் என்ற சின்னக் கோப்புகள் வரும், குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். வாட்ஸப்பில் வந்த படங்களில் எடுத்த தேதி ஒட்டியிருக்காது. அவற்றுக்குக் கூகுளிடம் இருந்த தேதி இந்தக் கோப்பில்தான் இருக்கும். எங்கள் பழைய வீட்டுத் திண்ணைப் படங்களை இதை வைத்துத்தான் வரிசைப்படுத்தினேன்.

மெயிலைத் தராதது முதலில் எனக்கு வலித்தது. ஜனவரியில் அந்த ஜிமெயில் திறந்தே என் கையில் இருந்ததும் நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் டிக் செய்த பெட்டிகள் அப்பாவின் முடிவு என்றால், டிக் செய்யாதவையும் அவர் முடிவுதான். மகள் என்பதால் எல்லாம் எனக்கு வந்து சேர வேண்டும் என்று நான் நினைத்ததுதான் தவறு. இந்தியாவில் 2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவும் இறப்புக்குப் பின் தன் தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கும் உரிமையைச் சொல்கிறது. அங்கேயும் நியமிப்பது உரியவர்தான்.

“மெயில்ல என்னடி இருந்துச்சு?” என்று அம்மா கேட்டார்.

“அது வரலைம்மா. அப்பா கொடுக்கலை.”

“அப்ப விட்டுடு.”

அப்பா கணக்கை அழிக்கவும் சொல்லியிருந்தார். படங்களை எடுத்துக்கொள்ள எனக்கு 3 மாதம் இருந்தது. ஜூலையோடு கணக்கு போய்விட்டது. ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது அம்மாவின் கணக்குக்கும் இதைப் போட்டுக்கொடுத்தேன். பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். போட்டோவுக்கு மட்டும் தலையாட்டினார்.