இடப்பக்கம் இழுக்கும் விமானம்

ஜனவரி 4, 2026, ஞாயிறு

ரிமோட்டில் பறக்கும் புது மாதிரி விமானத்தின் முதல் பறப்பு. த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) ஏற்றினால் மூக்கைத் தூக்குகிறது. செங்குத்தாக ஏற்றினால் இடப்பக்கம் இழுக்கிறது. இறங்கும்வரை ஸ்டிக்கோடு மல்லுக்கட்டினேன். இறங்கியதும் கை நேராக ரிமோட்டின் மிக்ஸிங் (ஒன்றை அசைத்தால் இன்னொன்றும் கூடவே அசையும்படி இணைப்பது) மெனுவுக்குத்தான் போனது. போன விமானத்தில் அப்படித்தான் மிக்ஸ் மேல் மிக்ஸாகப் போட்டு, எது எதைச் சரிசெய்கிறது என்றே தெரியாமல் முழித்தேன். இந்த முறை அது கடைசியில்தான்.

ஜனவரி 11

முதலில் சிஜி, அதாவது எடை மையம். பாதி த்ராட்டிலில் மட்டமாகப் பறக்கும்படி டிரிம் (ஸ்டிக்கைத் தொடாதபோது மடல்கள் நிற்கும் நிலை) வைத்தேன். பிறகு நல்ல உயரத்தில் த்ராட்டிலை மூடி, 45 டிகிரியில் பாயவிட்டு எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்தேன். விருட்டென்று தானே மேலே வளைந்தது. மூக்குக் கனம். அதைத் தாங்க வைத்திருந்த மேல் டிரிம், வேகம் கூடும்போது தேவைக்கு மேல் தூக்குகிறது. பேட்டரியை 5 மி.மீ. பின்னுக்குத் தள்ளி, டிரிம்மை மாற்றி மறுபடி பார்த்தேன். இன்னும் கொஞ்சம் வளைந்தது. மேலும் 5 மி.மீ. இப்போது நிதானமாகத்தான் நிமிர்கிறது. பாய்ச்சல் தானாகவே இன்னும் செங்குத்தானால் வால் கனம். அந்தப் பக்கம் போக எனக்குத் துணிச்சல் இல்லை.

த்ராட்டிலில் மூக்கு தூக்குவதும் பாதி குறைந்துவிட்டது. அதற்காக மோட்டாரைக் கீழே சாய்க்க இருந்தேன்!

ஜனவரி 17

காற்று. பறக்கவில்லை.

ஜனவரி 18

இடப்பக்க இழுப்பு. மோட்டாரை மூடி செங்குத்தாக இறக்கினால் நேராக வருகிறது, முழு த்ராட்டிலில் ஏற்றினால்தான் இழுக்கிறது. அப்படியானால் குற்றவாளி மோட்டார் பக்கம்தான். புரொப்பல்லர் கிளப்பும் காற்று உடலைச் சுற்றிக்கொண்டு போய் வால் துடுப்பின் இடப்பக்கத்தில் அறைகிறது. வால் வலப்பக்கம் போக, மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது.

மோட்டார் மவுன்ட்டின் இடப்பக்கத் திருகுகள் இரண்டுக்கும் பின்னால் 1 மி.மீ. வாஷர் வைத்தேன். (ஒன்று புல்லில் விழுந்து அரைமணி நேரம் தின்றது.) துளைகளுக்கு இடையே 40 மி.மீ.; எனவே மோட்டார் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி வலப்பக்கம் திரும்பியிருக்கும். ஸ்பின்னர் (புரொப்பல்லரின் மூக்குக் கூம்பு) கவுலிங்கில் (மோட்டார் மூடியில்) உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டு ஏற்றினேன். நூல் பிடித்தாற்போல் போனது.

ஜனவரி 25

லூப்பை (செங்குத்தாக அடிக்கும் வட்டத்தை) இறுக்கினால் வலது இறக்கை விழுகிறது. மூக்கையும் வாலையும் நூலில் தொங்கவிட்டதும் தெரிந்துவிட்டது: வலது இறக்கை கனம். இடது நுனியில் ஒரு சின்ன ஆணியைச் செருகினேன். சரியானது.

அப்புறம்தான் ரிமோட்டைத் திறந்தேன். இடது ரடர் (வால் துடுப்பில் திரும்பும் மடல்) கொடுத்து நைஃப் எட்ஜில் (ஒரு இறக்கை மேலே, மற்றது கீழே இருக்கும்படி பக்கவாட்டில் சாய்ந்து) போனால் வயிற்றுப்பக்கம் வளைகிறது. ரடரிலிருந்து எலிவேட்டருக்கு மேல்நோக்கி 6 சதவீத மிக்ஸ். வலது ரடரில் பார்ப்பதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது.