தேய்ந்த காசின் பின்புறம்

யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பதிவுசெய்த பழம்பொருள்களுள் உரோம நாணயங்களும் இருந்தன. அவ்வூருக்கு அண்மையில் வளர்ந்ததனாலோ என்னவோ, உருத்தெரியாத செப்புக்காசு ஒன்றைக் கையில் எடுத்தால் அதை எளிதில் கீழே வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இலங்கையில் கிடைக்கும் உரோம வெண்கலக் காசுகளிற் பெரும்பாலானவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளுக்குரியவை. பல சுண்டுவிரல் நகத்தளவே இருக்கும். எடையும் ஒரு கிராமை ஒட்டியே நிற்கும். அச்சு பெரிதாகவும் தகடு சிறிதாகவும் இருந்ததால், பேரரசரின் பெயர் பல காசுகளில் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. ஆகவே நான் பேரரசரின் தலையுள்ள முகப்பக்கத்தை விட்டுப் பின்புறத்தையே முதலில் பார்க்கிறேன். இரு வீரருக்கு நடுவே இரண்டு கொடிகள் நின்றால் 330ஐ அடுத்த ஆண்டுகள். ஒரே கொடியானால் 335 அளவுக்குப் பிந்தியது. வீழ்ந்த குதிரைவீரனை ஈட்டியாற் குத்தும் காட்சி 348க்குப் பின்னர் வருகிறது. வெற்றித்தேவதை கைதியை இழுத்துச் செல்வது 388 முதல். அடிக்கோட்டின் கீழ் இரண்டு மூன்று எழுத்துகள் தப்பியிருந்தால், காசு அந்தியோக்கியாவிலா அலெக்சாந்திரியாவிலா அடிக்கப்பட்டது என்பதும் தெரியவரும்.

ஒருநாள் வெறும் பச்சைத் தகடென்று ஒதுக்கிய காசொன்றை, மேசைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, மெல்லத் திருப்பிக்கொண்டே பார்த்தேன். வளைந்த சிறு கோடொன்றின் நிழல் விழுந்தது. அது குதிரையின் மடங்கிய முன்னங்கால். அதன்பிறகே மேலே சாய்ந்திருந்த ஈட்டியும் கண்ணுக்குப் புலப்பட்டது.

எனினும் ஒவ்வொரு காசுக்கும் எழுதும் பதிவு அட்டையில், கண்டதையும் ஊகித்ததையும் ஒரே வரியில் எழுதக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். விட்டம், எடை, கிடைத்த மண்படை ஆகியவற்றோடு, முகப்பக்கத்தை நிமிர்த்திக் காசைத் திருப்பினால் பின்புற உருவத்தின் தலை மணிக்கூட்டின் எத்தனையாம் மணியை நோக்குகிறது என்பதையும் குறிக்க வேண்டும். உரோமக் காசைப் பார்த்து இங்கேயே செய்யப்பட்டவையும் ஏராளமாக உண்டு. அவற்றில் எழுத்துக்குப் பதில் வெறுங்கீறல்களே காணப்படும். அவற்றை வலிந்து ஒரு பேரரசரின் பெயரில் ஏற்றுவதைவிட 'வகை தெரியவில்லை' என்று எழுதுவதே நேர்மை. பின்னால் வருபவர் அதைத் திருத்தலாம்.

தோட்டக்காணியில் கிண்டியெடுத்த காசொன்றை எனக்கு அறிமுகமான ஒருவர் குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாகக் கொண்டுவந்து தந்தார். உருவம் தங்கியிருந்த பச்சைப்படை முழுவதும் போய்விட்டிருந்தது. அதன் அட்டையில் விட்டத்தையும் எடையையும் மட்டுமே என்னால் நிரப்ப முடிந்தது.