இரண்டு தாது வருஷம்

ஹீட்டர் செலவுக்குப் பயந்துதான் நான் குடும்ப வரலாற்று ஆராய்ச்சியில் இறங்கினேன்.

2021 நவம்பரில் மனைவிக்கு இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். குடியாத்தத்தில் பதினைந்து வருஷம் கைலி வியாபாரம் பார்த்தவனுக்கு இங்கே முதல் நாலு மாதம் செய்ய ஒன்றுமில்லை. அவள் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குப் போய்விடுவாள், பையன் பள்ளிக்கூடத்துக்கு. நான் ஒருத்தன் குளிர் காய்வதற்காக மீட்டர் ஓடுவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். நூலகத்தில் சூடு இலவசம். காலை பத்து மணிக்குப் போய் ரேடியேட்டர் பக்கத்து நாற்காலியைப் பிடித்துவிடுவேன்.

வியாழக்கிழமை மட்டும் அந்த நாற்காலி கிடைக்காது. அன்றைக்கு அந்த மூலை ஊர்க் குடும்ப வரலாற்றுச் சங்கத்துக்கு. பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் எழுபது தாண்டியவர்கள், ஆளுக்கொரு பிளாஸ்கில் டீ. நான் முதலில் எட்டிப் பார்த்தது 2022 ஜனவரியில். 1921ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்குப் படிவங்களை அப்போதுதான் திறந்துவிட்டிருந்தார்கள். இந்த நாட்டில் வீடு வீடாக எழுதிய படிவத்தை நூறு வருஷம் பூட்டி வைத்து, அப்புறம் ஊருக்கே காட்டுகிறார்கள். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முந்துகிற மாதிரி எல்லோரும் கம்ப்யூட்டரை மொய்த்துக்கொண்டு, தங்கள் பாட்டி எந்தத் தெருவில் எந்த ஆலையில் வேலை பார்த்தாள் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். 1931 கணக்கு 1942இல் தீயில் எரிந்துபோனது, 1941இல் போர் நடந்ததால் கணக்கே எடுக்கவில்லை, அதனால் அடுத்து 1951தான், அது திறக்க 2052 ஆகும் என்று ஒரு பெரியவர் எனக்கு விளக்கினார். "அதற்கு நான் இருக்க மாட்டேன். நீ பார்த்துக்கொள்" என்றார். நாங்கள் அறிமுகமாகி ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.

சங்கச் செயலாளர் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார். என் நாக்கு அதற்கு வளையவே இல்லை. ஒரு வருஷம் "எக்ஸ்கியூஸ் மீ" என்றே காலம் தள்ளினேன். அவர் ஒரு படிவத்தை நீட்டி, உன்னிலிருந்து ஆரம்பித்துப் பின்னால் போ, உயிரோடு இருக்கிற பெரியவர்களிடம் முதலில் கேள், எல்லாவற்றையும் பென்சிலில் எழுது, ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் அது யார் சொன்னது, எந்தக் காகிதத்தில் பார்த்தது என்று குறி, என்றார்.

முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டேன். குடும்பப் பெயர். எங்கள் வீட்டில் பாஸ்போர்ட் மூன்று, குடும்பப் பெயரும் மூன்று. எனக்கு நைனாவின், அதாவது என் அப்பாவின், பெயர், அவளுக்கு அவள் அப்பா பெயர், பையனுக்கு என் பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே, நீங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்தானே என்று நயமாகக் கேட்டிருந்தார்கள். சங்கத்தில் இனிஷியலை விளக்கினேன். அந்த 2052 பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் உங்களில் ஒவ்வொருவரும் அப்பா பெயரைத் தலையில் சுமந்துகொண்டு அலைகிறீர்கள். எங்களுக்கு அதைக் கண்டுபிடிக்கவே ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும்" என்றார். நாற்பது வருஷமாக எனக்குத் தோன்றாத விஷயம்.

அடுத்த கண்டம் எங்கள் ஆயா. ஆயா என்றால் வேலைக்காரி இல்லை, எங்கள் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம். தாத்தா தன் சொந்த அக்கா மகளைக் கட்டியவர். குடும்ப மரத்தில் இதைப் போடப் போனால் மென்பொருள் தவித்துப்போனது. தாத்தாவைப் பெற்றவர்களே ஆயாவுக்குத் தாத்தா பாட்டி, மாமனார் மாமியாரும் அவர்களே. ஒரே ஆள் என் நைனாவுக்கு ஒரு பக்கம் தாத்தா, இன்னொரு பக்கம் கொள்ளுத்தாத்தா. இங்கே சட்டப்படி அப்படிக் கட்டவே முடியாது. சங்கத்துப் பாட்டிமார்கள் முன்னால் இதைச் சொல்லும்போது எனக்குக் காது சிவந்தது. அவர்கள் பாட்டுக்குக் கோட்டை எப்படி வளைத்துப் போடுவது என்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

சரி, எங்கள் கணக்குப் படிவம் எங்கே என்று தேடினேன். நம் மாகாணத்திலும் 1871இலேயே கணக்கு எடுத்தார்கள். ஆனால் ஆள் பெயர் எழுதிய தாள்களைக் கூட்டிப் போட்டு முடித்ததும் வைத்திருக்கவில்லை. மிஞ்சியது வெறும் எண்கள். எண்களில் என் தாத்தாவின் தாத்தாவைத் தேடி என்ன செய்ய?

அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நெல்லூர்ப்பேட்டையில் இருக்கிற அத்தைக்குப் போன் போட ஆரம்பித்தேன்.

"இன்னாத்துக்குடா இப்போ செத்தவங்க பேரெல்லாம்? பாகம் கேக்கப் போறியா?"

"இல்ல அத்தை, இங்க ஒரு சங்கத்துல சேந்துகீறேன். அதுக்கு."

"அந்தக் குளிர்ல போயி சங்கமா? சரி, கேளு."

அத்தையிடம் வருஷம் கேட்டால் கிடைக்காது. "வாணியம்பாடி வெள்ளம் வந்ததுக்கு மறு வருஷம் பொறந்தவரு உங்க கொள்ளுத்தாத்தா" என்பார். பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனது 1903 நவம்பரில். அப்படியானால் 1904. செயலாளர் அம்மாவிடம் சொன்னேன், அசந்துவிட்டார். பென்சிலில் எழுதிக்கொள் என்றும் சொன்னார்.

எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து கேட்ட ஒரு கதை உண்டு. தாத்தாவின் தாத்தா தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர். அவரைப் பெற்றவள் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கிற பலமநேர்ப் பக்கத்திலிருந்து மலை இறங்கி, கஞ்சித்தொட்டி எங்கே இருக்கிறதென்று விசாரித்துக்கொண்டே கைக்குழந்தையோடு குடியாத்தம் வந்து சேர்ந்தாள். 1876இல் மழை பொய்த்து, 1878 வரை நீடித்த பஞ்சம் அது. வட ஆற்காட்டின் தலைக்கணக்கு 1871இல் இருந்ததைவிட 1881இல் குறைந்துபோனது. எண்கள் ஒன்றும் சொல்லாது என்று மேலே எழுதினேன் இல்லையா, இது மட்டும் சொல்கிறது.

கதைக்குச் சாட்சியும் இருந்தது. அத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு ஜாதகம். பழுப்பேறிய தாளில் பெயர், தாது வருஷம், ஐப்பசி மாதம், கிழமை, நட்சத்திரம் எல்லாம் தெளிவாக இருந்தன. அதைப் பிரிண்ட் போட்டு வியாழக்கிழமை கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். 1876! அவர்களில் பாதிப் பேரால் கூட அவ்வளவு சுலபமாக அந்தக் காலத்துக்குப் போக முடியவில்லை. தமிழ் வருஷங்களுக்கு எண் கிடையாது, பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சுற்றும் என்று பெருமையாக விளக்கினேன்.

செயலாளர் அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: "இது எந்தச் சுற்று?"

எனக்குப் பதில் வரவில்லை. தமிழில் ஓர் எழுத்துத் தெரியாத அம்மா. 1876க்கு அடுத்த தாது 1936. அதற்கு அடுத்தது 1996.

அந்தக் கேள்வி ஒரு வருஷம் குடைந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒரு வேலை கிடைத்தது, ஒரு கிடங்கில், இரவு ஷிப்ட். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வியாழக்கிழமையை மட்டும் விடவில்லை. சங்கத்தில் போர்ப் பைத்தியம் ஒருவர் உண்டு. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் பதித்த கல்வெட்டின் படத்தை அவருக்குக் காட்டினேன். இந்த ஊரிலிருந்து 1914-18 போருக்கு 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். அந்தப் பக்கம் நூறு தடவை வாழைக்காய் வாங்கப் போயிருக்கிறேன், நின்று படித்ததில்லை. போரில் இறந்த இந்தியச் சிப்பாய்களில் பல பேருக்கு அப்பா பெயர், ஊர், ஜில்லா எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது என்று அவர்தான் எனக்குக் காட்டினார்.

இன்னொரு நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து இங்கே குடியேறிய ஓர் அம்மா வந்தார். கையில் டர்பன் இருக்கிற நெட்டால் பகுதிக்குப் போன கப்பல்களின் பட்டியலிலிருந்து ஒரு வரி. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளுடன் முதல் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது 1860 நவம்பர் 16. அப்போதிலிருந்து 1911 வரை போன ஒன்றரை லட்சம் பேருக்கும் எண் போட்டு, பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரில் இருந்துவிட்ட எங்களுக்கு ஒரு தாளும் இல்லை, கப்பலேறியவர்களுக்கு இத்தனை கட்டம்! இவர் தேடியது 'நார்த் ஆர்காட்' என்ற ஜில்லாவை. இன்றைய வரைபடத்தில் அது இல்லவே இல்லை என்று சலித்துப்போயிருந்தார்.

கூட்டத்தில் எனக்குத் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தது. பேப்பர் எடுத்து வரைந்தேன். 1911 வரை சித்தூர்தான் வட ஆற்காட்டுக்குத் தலைநகர். அந்த வருஷம் சித்தூர் தனி ஜில்லாவாகப் போக, வேலூர் தலைநகரானது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. அப்புறம் மிஞ்சியதன் பெயரே வேலூர் மாவட்டம் ஆனது. 2019இல் அதிலிருந்தும் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்தன. ஊர் நகரவில்லை, பெயர்ப்பலகைதான் மாறிக்கொண்டே இருந்தது. கிராமப் பெயர் 'பெர்னம்பட்' என்று இருந்தது. எழுத்தைப் பார்க்காமல் வாயால் இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள் என்றேன். பேரணாம்பட்டு. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "சாப்டியா?"

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. எங்கள் வீட்டுக் கதையில் அந்தப் பெண் 'ஆந்திராவிலிருந்து' வந்தாள் என்றே சொல்வோம். 1876இல் பலமநேரும் குடியாத்தமும் ஒரே ஜில்லா.

2023 மே மாதம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வீடு முழுக்க சொந்தக்காரர்கள். கேள்வி கேட்பதற்கு அதைவிட நல்ல சமயம் இல்லை, மோசமான சமயமும் இல்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். கூட்டம் கலைந்த மறுநாள் அத்தை டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்தார். உள்ளே ஜார்ஜ் மன்னர் தலை போட்ட முத்திரைத்தாளில் 1924ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம். 'வட ஆற்காடு ஜில்லா குடியாத்தம் தாலுகா' என்று ஆரம்பித்து, இன்னார் குமாரர் இன்னார், நெசவு ஜீவனம், நான்கெல்லை எல்லாம் வரிசையாக. வாங்கியவர் பெயர் என் தாத்தாவின் பெயர்.

தாத்தா 1924இல் வீடு வாங்கியிருக்க முடியாது. 2004இல் அவரைத் தூக்கிக்கொண்டுபோன நான்கு பேரில் நானும் ஒருவன், அப்போது அவருக்கு எழுபது கூட இருக்காது. ஆக ஒரே பெயரில் இரண்டு பேர். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே, தாத்தா பெயரைத் தாங்குகிறவன். தெரிந்ததுதான், ஆனாலும் எனக்கு உறைக்க ஒரு பத்திரம் வேண்டியிருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. ஆயா கடைசி வரை அதை வாயால் சொன்னதில்லை, ரேஷன் கடையில்கூட பக்கத்தில் நிற்கிற பிள்ளையைச் சொல்லச் சொல்வாள்.

அப்படியானால் ஜாதகம் யாருடையது? அதை எடுத்துக்கொண்டு அத்தைக்குத் தெரிந்த ஜோசியரிடம் போனோம். வருஷத்தின் பெயர் அறுபதில் திரும்பி வரும், கிழமையும் நட்சத்திரமும் அப்படிச் சேர்ந்து வராது. பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு அவர் சொன்னது, 1936. என் தாத்தாவுடையது.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பஞ்சத்துக்கு இருந்த ஒரே சாட்சியும் போனது. வரும் வழியில் ஆட்டோவில் அத்தையிடம் அதைச் சொன்னேன்.

"அதுக்கு ஏன்டா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வர்ற? பெரியவருக்கு அறுபதாங் கல்யாணம் பண்ண வருஷம் பேரன் பொறந்தான், அதனாலதான அந்தப் பேரையே வெச்சாங்க. இது உனக்குத் தெரியாதா?"

தெரியாது. யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அறுபது முடிந்து பிறந்த வருஷமே திரும்பி வரும்போது செய்வதுதான் அறுபதாம் கல்யாணம். பேரன் பிறந்தது 1936 தாது என்றால், தாத்தா பிறந்தது 1876 தாது. ஆட்டோக்காரரை நிறுத்தச் சொல்லி, தெருவோரத்திலேயே நோட்டில் எழுதினேன். அத்தை சொன்னது, வாய்மொழி, ஆட்டோவில், என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

பத்திரத்தில் 'குமாரர்' என்ற சொல்லால் இன்னும் ஒரு தலைமுறை கிடைத்தது, பெரியவரின் அப்பா பெயர். மலை இறங்கி வந்தவளின் பெயர் இல்லை. அத்தையிடம் கேட்டேன். "அவ பேரு யாருக்குத் தெரியும்? அம்மான்னு கூப்ட்டிருப்பாங்க." சங்கத்தில் மரத்தை விரித்துக் காட்டியபோது செயலாளர் அம்மா விரல் வைத்த கட்டமும் அதுதான். இங்கிலாந்தில் அப்படி ஒரு பெண்ணைத் தேடினால் கோயில் பதிவேட்டில் கல்யாணத்தைப் பார்க்கலாம். எங்களுக்கு?

பேரணாம்பட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறாராம், தொண்ணூறு தாண்டியவர், எங்கள் வகையறாவின் இன்னொரு கிளை. போன ஞாயிற்றுக்கிழமை அத்தை சொன்னார்: "சீக்கிரம் வாடா. அவங்களுக்குக் காது வேற கேக்க மாட்டேங்குது." ஆடி மாதத்துக்கு டிக்கெட் என்ன விலை என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.