வலிக்காத புண்

குளிக்கும்போதுதான் அதைக் கவனித்தேன். முன்தோலுக்குக் கீழே, பட்டாணி அளவில் ஒரு புண். விளிம்பு கெட்டியாக, சட்டைப் பொத்தானைத் தொடுவதுபோல் இருந்தது. வலி துளியும் இல்லை. வலித்திருந்தால் அன்றே மருத்துவரிடம் ஓடியிருப்பேன். வீட்டில் கிடந்த ஏதோ ஒரு களிம்பைத் தடவினேன். நான்கு வாரத்தில் ஆறிவிட்டது. களிம்பின் மகிமை என்று நம்பினேன்.

ஒன்றரை மாதம் கழித்து உள்ளங்கைகளில் செம்பு நிறத்தில் புள்ளிகள் வந்தன. இந்த முறை சோப்பின் மீது பழியைப் போட்டேன். சோப்பை மாற்றியும் போகாததால்தான் தோல் மருத்துவரிடம் போனேன்.

“அரிக்கிறதா?”

“இல்லை, டாக்டர்.”

“காலணியைக் கழற்றுங்கள்.”

உள்ளங்கால்களிலும் அதே புள்ளிகள். அதுவரை நான் பார்க்கவே இல்லை. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, “இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பு மறைவிடத்தில் வலியில்லாத புண் ஏதாவது வந்ததா?” என்று கேட்டார். அந்தப் புண்ணைப் பற்றி நான் ஒருவரிடமும் மூச்சுவிட்டதில்லை.

வந்திருந்தது சிபிலிஸ், உடலுறவில் தொற்றும் நோய். அதன் முதல் புண் மூன்று முதல் ஆறு வாரத்தில், மருந்தே இல்லாமல் தானாக ஆறிவிடுமாம். அதற்குள் கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவிவிடுகிறது. ட்ரெபோனிமா பாலிடம் என்பது அந்தக் கிருமியின் பெயர். தக்கை திருகிபோல் சுருண்ட, மிக மெல்லிய உயிர். சாதாரண நுண்ணோக்கியில் கண்ணுக்கு அகப்படாது. ஷாடின், ஹாஃப்மன் என்ற இருவர் 1905இல் பெர்லினில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் நானூறு ஆண்டுகளாக ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தாலியர்கள் பிரெஞ்சு நோய் என்றார்கள்; பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள்; தமிழில் பறங்கிப்புண் என்று ஒரு பெயர். நானும் அன்று மனதுக்குள் பழி போட ஆள் தேடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

விடிஆர்எல் என்ற சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை 1:64 என்று வந்தது. ரத்தத்தின் தெளிநீரை இரண்டிரண்டு மடங்காக நீர்க்கச் செய்துகொண்டே போய், எதுவரை எதிர்வினை தெரிகிறது என்று பார்க்கும் கணக்கு அது. இந்தச் சோதனை நேரடியாகக் கிருமியைத் தேடுவதில்லை. வேறு காரணங்களாலும் பொய்யாகக் காட்டலாம் என்பதால் இந்தக் கிருமிக்கென்றே உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் டிபிஹெச்ஏ என்ற இன்னொன்றையும் செய்தார்கள். அதுவும் பாசிட்டிவ். எச்ஐவி பரிசோதனையும் உடனே எடுக்கச் சொன்னார், அது நெகட்டிவ்.

மருந்து பென்சாத்தின் பென்சிலின், 24 லட்சம் யூனிட், ஒரே ஒரு முறை. நோய் பழசாகிப் போயிருந்தால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். பென்சிலின் ஒவ்வாமை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, செவிலியர் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே வெகுநேரம் உருட்டினார். உள்ளே நீர்த்த சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் குழம்பு. பாதியில் ஊசி அடைத்துக்கொள்ள, இன்னொன்று மாற்றினார். இடுப்புக்குக் கீழே இரு பக்கமும் பாதி பாதி. அந்த வலியைச் சொல்லி மாளாது. இரண்டு நாள் சாய்ந்துதான் உட்கார்ந்தேன். இந்தக் கிருமி ஒரு முறை இரட்டிப்பாக முப்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. பென்சிலின் பெருகும் கிருமியைத்தான் கொல்லும் என்பதால், மருந்து வாரக்கணக்கில் ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்க வேண்டும். எளிதில் கரையாத குழம்பாக இருப்பது அதற்காகத்தான்.

அன்று இரவு குளிர் தூக்கிப்போட்டது. காய்ச்சல், தலைவலி, புள்ளிகள் முன்பைவிடச் சிவந்திருந்தன. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து மருத்துவரை அழைத்தேன். “மூச்சுத் திணறுகிறதா? முகம் வீங்கியிருக்கிறதா?” என்று கேட்டார். இரண்டும் இல்லை. “அப்படியென்றால் கிருமிகள் கூட்டமாகச் சாகின்றன. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுங்கள்” என்றார். மறுநாள் மாலைக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

ஒரு தொலைபேசி அழைப்பு பாக்கி இருந்தது. எண்ணை மூன்று முறை அழுத்தி மூன்று முறையும் துண்டித்தேன். நான்காவது முறை அவள் எடுத்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, “எந்தப் பரிசோதனை, பெயரைச் சொல், எழுதிக்கொள்கிறேன்” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறாம் மாதம் விடிஆர்எல் 1:8. நான்கு மடங்கு குறைந்தாலே போதும் என்றார் மருத்துவர். எனக்கு எட்டு மடங்கு. ஓராண்டில் 1:2. டிபிஹெச்ஏ மட்டும் அப்படியே பாசிட்டிவாக நின்றது. பெரும்பாலும் அது ஆயுள் முழுக்க அப்படியேதான் இருக்குமாம். நோய் இருப்பதற்கு அது அடையாளம் அல்ல, வந்துபோனதற்கு அடையாளம். அதேபோல, ஒரு முறை வந்ததால் மறுபடி வராது என்பதும் இல்லை.

சென்ற ஆண்டு குடலிறக்க அறுவைக்கு முன் ரத்தம் எடுத்தார்கள். ஆய்வக இளைஞர் ரிப்போர்ட்டைக் கவிழ்த்துப் பிடித்தபடி அருகில் வந்து, “சார், இதில் ஒன்று...” என்று குரலைத் தாழ்த்தினார். பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டுகளின் நகலை எடுத்து அவரிடம் நீட்டினேன்.