டர்பனில் பழைய ஜிடிஐ வாங்குவதற்கு முன்: இன்சூரன்ஸ் கணக்கு முதலில், கார் பிறகு

டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருபது வயதைத் தாண்டிய பிள்ளைகள் ஆசைப்படும் கார் பெரும்பாலும் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐதான். கியர் மாறும்போது புகைக்குழாயில் எழும் அந்த ‘வ்ர்ர்-ஃபா’ சத்தத்துக்கு மயங்காதவர் குறைவு. ஆனால் காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே இன்சூரன்ஸ் விலையைக் கேட்டுவிட வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால், சில சமயம் மாதப் பிரீமியம் வங்கித் தவணைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

தென்னாப்பிரிக்காவில் காருக்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பெட்ரோல் விலையோடு வசூலிக்கும் வரியில் இயங்கும் சாலை விபத்து நிதி, காயத்துக்கும் உயிரிழப்புக்கும்தான் இழப்பீடு தரும். நசுங்கிய தகரத்துக்கு ஒரு ரேண்டும் வராது. முன்னால் நின்ற மெர்சிடிஸை இடித்தால் அதன் செலவு முழுவதும் இடித்தவர் தலையில். கடனில் வாங்கினால் வங்கி முழுக் காப்பீடு கேட்கும். ரொக்கத்தில் வாங்குகிறவர், பிறர் வண்டிக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்தை ஏற்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடாவது எடுப்பது நல்லது.

விலை கேட்கும்போது அடையாள எண், லைசென்ஸ் முதன்முதலில் கிடைத்த தேதி, காரின் ஆண்டும் மாடலும், இரவில் கார் நிற்கும் இடம் ஆகியவை கையில் இருக்கட்டும். லைசென்ஸ் அட்டையைப் புதுப்பித்த தேதியைச் சொல்லிவிடாதீர்கள். கம்பெனிகள் கணக்கிடுவது முதல் தேதியிலிருந்து. பூட்டிய கராஜுக்கும் தெருவோரத்துக்கும் பிரீமியத்தில் நல்ல வித்தியாசம் உண்டு. குறைந்தது மூன்று கம்பெனிகளில், ஒரே விவரங்களைச் சொல்லிக் கேளுங்கள்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இங்கேதான். கார் அப்பா பெயரில், பாலிசி அப்பா பெயரில், தினமும் ஓட்டுவது மகன். பாலிசிக்கு அப்பா உரிமையாளராக இருப்பதில் சிக்கல் இல்லை. ‘ரெகுலர் டிரைவர்’ என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் கேள்வி. மாதத்தில் அதிக நாள் ஓட்டுகிறவர் பெயரை மறைத்தால், விபத்துக்குப் பிறகு விசாரிக்க வரும் ஆள் அதைக் கண்டுபிடித்துவிடுவார். வேலையிடம், காரின் இருப்பிடத்தைக் காட்டும் டிராக்கர் கருவியின் பதிவு, அக்கம்பக்கத்தார் பேச்சு எல்லாமே காட்டிக்கொடுக்கும். பல ஆண்டு கட்டிய பிரீமியம் வீணாகி, கோரிக்கை மறுக்கப்படும். கூடுதல் பணம் கட்டினாலும் மகன் பெயரையே எழுதுங்கள். கார் வாங்க இன்னும் ஓரிரு ஆண்டு இருந்தால், வீட்டில் இருக்கும் சிறிய காரின் பாலிசியில் இப்போதே அவரை ஓட்டுநராகச் சேர்ப்பது நல்லது. அந்தக் காலத்தைச் சில கம்பெனிகள் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

பிரீமியத்தைவிட எக்ஸெஸை, அதாவது ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகையை, கவனித்துப் படியுங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: அடிப்படை எக்ஸெஸ் 6,000 ரேண்ட், 25 வயதுக்குக் கீழ் என்றால் இன்னொரு 5,000, லைசென்ஸ் எடுத்து இரண்டு ஆண்டு ஆகவில்லை என்றால் மேலும் 4,000. ஆக 15,000. சேதம் 40,000 என்றால் கம்பெனி தருவது 25,000 மட்டும். இரவு நேர விபத்துக்கும், வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்துக்கும் தனி எக்ஸெஸ் வைக்கும் பாலிசிகள் உண்டு. ஒவ்வொன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலிவான பிரீமியத்தின் உண்மை விலை பெரும்பாலும் இந்த நிபந்தனைகளில்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்து கார். ஆறாம் தலைமுறை ஜிடிஐயின் 2.0 லிட்டர் டர்போ என்ஜின் 155 கிலோவாட் தரும். அதன் பலவீனம், வால்வுகளை இயக்கும் செயினைத் தளராமல் இறுக்கிப் பிடிக்கும் டைமிங் செயின் டென்ஷனர். விற்பவரிடம், ‘நாங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய், பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். குளிர்ந்த என்ஜினை உயிர்ப்பித்த முதல் சில விநாடிகளில் கடகடவென்ற சத்தம் கேட்டால் டென்ஷனரைச் சந்தேகியுங்கள். செயின் பல் தாண்டினால் வால்வுகள் வளைந்து என்ஜினே போய்விடும். குளிர்நீர் அளவு குறைந்து, இளஞ்சிவப்புக் கறை படிந்திருந்தால் வாட்டர் பம்ப் கசிவைச் சந்தேகியுங்கள். தானாகக் கியர் மாற்றும் ஆறு கியர் டிஎஸ்ஜி பெட்டிக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். பைன்டவுனிலிருந்து க்லூஃபுக்கு ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில்லில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் கியரில் அதிர்வோ உதறலோ வந்தால் விட்டுவிடுங்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பின்னாளில் விற்பனைக்கு வரக்கூடும் என்பதை மறக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக்கோடு தெரியும். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் மணலும், சீட் தண்டவாளத்தில் துருவும் இருந்தால் பேச்சே வேண்டாம். பதிவுச் சான்றில் ‘கோட் 3’ என்றிருந்தால் அது உடைந்து மறுபடி கட்டிய வண்டி. பல கம்பெனிகள் அதை எடுப்பதே இல்லை. சாலையில் ஓட்டத் தகுதியானது என்று தரும் ரோட்வொர்தி சான்று, என்ஜின் நலத்துக்குச் சான்று ஆகாது. டெக்ரா போன்ற வாகனச் சோதனை நிறுவனத்தில் தனியாகச் சோதிக்க வையுங்கள்.

என்ஜின் சாஃப்ட்வேரை மாற்றியிருந்தாலோ, புகைக்குழாய், ஸ்பிரிங், ரிம் மாறியிருந்தாலோ பாலிசியில் சொல்ல வேண்டும். முந்தைய உரிமையாளர் செய்தது என்பது சாக்காகாது.

டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் துணை நிற்கும். தனியாரிடம் வாங்கினால் ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’, அதாவது இருக்கிற நிலையில். தெரிந்தே மறைத்ததை நிரூபித்தால்தான் வழக்கு. சான்றில் உரிமைப் பத்திரதாரராக வங்கியின் பெயர் இருந்தால் கடன் பாக்கி இருக்கிறது. பாக்கித் தொகைக் கடிதம் வாங்கி, பணத்தை நேரே வங்கிக்கே கட்டுங்கள்.

கைமாறிய 21 நாட்களுக்குள் பதிவு மாற்ற வேண்டும். அசல் பதிவுச் சான்று, 60 நாள் தாண்டாத ரோட்வொர்தி, அடையாள அட்டை, முகவரிச் சான்று ஆகியவற்றோடு ஆர்எல்வி என்ற வாகனப் பதிவு விண்ணப்பப் படிவத்தை நிரப்புங்கள். கைமாற்ற அறிவிப்புப் படிவத்தை விற்பவர் கொடுத்துவிட்டாரா என்று நீங்களே கேளுங்கள். வாங்குபவர் பெயரில் போக்குவரத்து அபராதம் பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டி முடியுங்கள், இல்லாவிட்டால் கவுன்டரில் வேலை நின்றுவிடக்கூடும்.

சாவி கைக்கு வரும் நிமிடத்திலேயே பாலிசி தொடங்கியிருக்க வேண்டும். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் எலுமிச்சை வைத்துப் பூஜை போடப் போகும் முதல் பயணமும் அதில் அடங்கும். டிராக்கர் பொருத்திச் சான்று அனுப்பும் வரை திருட்டுக்கும், ஓட்டுநரை மிரட்டிக் காரைப் பறிக்கும் ஹைஜாக்குக்கும் காப்பு இல்லை என்று பல பாலிசிகளில் இருக்கும். அதனால் பொருத்தும் நாளை முன்பே குறித்துவிடுங்கள். கலவரச் சேதத்துக்கான அரசு நிறுவனக் காப்பீடான சாஸ்ரியா பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 ஜூலைக் கலவரம் மாதிரியான சேதத்துக்குச் சாதாரணப் பாலிசி பணம் தராது, சாஸ்ரியாதான் தரும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியிடம் ஆட்சேபம் தெரிவிக்க 90 நாள் உண்டு. அதற்கும் பலனில்லை என்றால், 2024இல் தொடங்கிய தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். விலை கேட்ட அன்று நீங்கள் சொன்ன பதில்களின் ஒலிப்பதிவைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கி முறையீட்டோடு இணையுங்கள்.