உறைப்பா?

பினாங்கின் லெபோ பாசார் தெருவில் வடைக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கொரியத் தம்பதி. உறைப்பா என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள்.

கடைக்கார அக்கா கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு நெல்மணி அளவு இடைவெளி காட்டி, "லிட்டில்" என்றார்.

ஒரே சொல். வியாபாரம் முடிந்தது.

அடுத்து நின்ற சீனப் பெரியவருக்கு ஹொக்கியனில் விலை சொன்னார். பக்கத்துக் கடை மலாய்ப் பையனிடம் மலாயில் சில்லறை மாற்றினார். என்னிடம், "தம்பி, சட்னி தீர்ந்துவிட்டது."

உலகப் பொதுமொழியாக ஆங்கிலமே நீடிக்க வேண்டுமா என்று நேற்று அலுவலகத்தில் பெரிய சண்டை. (சண்டை நடந்ததும் ஆங்கிலத்தில்தான்.)

நீடிக்கும் என்று யார் உறுதி சொல்வது? நியூட்டன் 1687-இல் தம் பெருநூலை லத்தீனில்தான் வெளியிட்டார். 1704-இல் ஒளியியல் நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ஒரே மனிதரின் ஆயுளுக்குள் காற்று திசை மாறியிருக்கிறது.

இந்தப் பக்கத்துத் துறைமுகங்களிலும், 1786-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே, பேரம் பேச மலாய் இருந்தது. நம் கடை என்ற சொல் அதில் கெடாய் ஆனது, கப்பல் என்ற சொல்லும் ஏறிக்கொண்டது.

ஆங்கிலத்தோடு எனக்குப் பகை இல்லை. அது இல்லாவிட்டால் அந்தக் கொரியர்கள் வடை தின்றிருப்பார்களா? அக்காவின் அந்த இரண்டு விரல்களை நம்பினால், தின்றிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தேன். மகள் எட்டிப் பார்த்து, உறைப்பா என்று கேட்டாள்.

ஆங்கிலத்தில்.

நானும் விரல்களைக் காட்டினேன்.